நோட்டில் ஏறாத பொங்கல்

நேற்று எதிர்வீட்டுக்காரர்கள் திருத்தணிக்குப் போய்விட்டு வந்து, சின்ன டப்பா ஒன்றில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊராருக்கெல்லாம் இதைத் தின்னாதே, அதைத் தின்னு என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். எனக்கே வந்தால் சிரிக்காமல் வேறென்ன செய்வது? ஒரு வாய்தானே என்று போட்டுக்கொண்டேன். அப்புறம் இன்னொரு வாய். டாக்டர் எழுதச் சொன்ன நோட்டில் இரண்டையும் எழுதவில்லை.

எழுதாமல் நோட்டை மூடி வைத்தபோது தணிகாசலம் சாமி ஞாபகம் வந்துவிட்டார். வந்தவர் ராத்திரி வரை போகவில்லை.

எனக்கு ஊர் அம்மையார்குப்பம். நைனாவுக்குத் தறி. நான் காலேஜில் ஊட்டச்சத்து படித்தேன். சமைக்கிறதுக்கா மூணு வருஷம் பீஸ் கட்டினேன் என்று நைனா நாடா ஓட்டிக்கொண்டே எல்லோரிடமும் அலுத்துக்கொள்வார். அவர் வாயை அடைப்பதற்காகவே முதலில் கிடைத்த வேலையில் போய்ச் சேர்ந்தேன். திருத்தணியில் மலையடிவாரத்தில் யாரோ புண்ணியவான்கள் நடத்திய இலவச வைத்தியசாலை அது. ஒரு நீளக் கூடம். இடது பக்க அறையில் இங்கிலீஷ் டாக்டர், வலது பக்க அறையில் சித்தா டாக்டரம்மா, நடுவில் ஒரு மேஜை போட்டு நான். கூடத்தில் ஸ்பிரிட்டும் சுக்கும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். இன்றைக்கும் சுக்குக் காப்பி குடித்தால் ஊசி போட்ட மாதிரி தோள்பட்டை கொஞ்சம் கூசுகிறது.

வருகிறவர்கள் இடது பக்கம் மாத்திரை வாங்குவார்கள், வலது பக்கம் சூரணம் வாங்குவார்கள், கடைசியாக என்னிடம் வந்து கையை நீட்டுவார்கள். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? பேச்சுதான். முருங்கைக்கீரை சாப்பிடுங்க, கேழ்வரகு சேருங்க, வேர்க்கடலை ஒரு பிடி தின்னுங்க. இதுக்கா இவ்ளோ நேரம் உட்கார வெச்ச என்ற முகத்தோடு எழுந்து போவார்கள். தறி நெய்யும் பெண்களுக்கு ரத்தம் போதாது. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு முழுங்கிவிட்டு, மயக்கம் தீரவில்லை என்று மறுபடி வருவார்கள். டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது, எலுமிச்சைச் சாறு குடியுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு நாலு பேருக்கு முகம் தெளிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, மலையையே நான்தான் தூக்கி நிறுத்தினேன் என்கிற மாதிரி நடந்தேன். வயசு அப்படி.

அந்தக் கர்வத்தில்தான் நோட்டுப் போடும் யோசனையும் வந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டு. காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் போட்டதெல்லாம் அதில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எப்படி எழுதினார்கள் என்று கேட்காதீர்கள். ஒருத்தர் முப்பது நாளுக்கும் 'வழக்கம் போல' என்று எழுதி வந்தார். ஒருத்தர் தான் சாப்பிட்டதை விட்டுவிட்டு, வீட்டில் சமைத்ததை எழுதினார். ஒழுங்காக எழுதியவர் ஒரே ஒருத்தர். அவர்தான் தணிகாசலம் சாமி.

மலைக்கோயில் மடைப்பள்ளியில் அவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறவர்கள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஒல்லி உடம்பு, கை மட்டும் கரண்டி பிடித்துப் பிடித்து முறுக்கேறிப்போன கை. நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, முத்து முத்தாக எழுதியிருப்பார். காலை கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளர். மதியம் ஒரு கரண்டி சோறு, கீரை மசியல், மோர். ராத்திரி இரண்டு தோசை. அதைப் பிரித்துக் காட்டித்தான் மற்றவர்களை நான் மிரட்டுவேன். ஆனால் சாமிக்குச் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். டாக்டரம்மா ஆவாரம்பூவும் நாவல்கொட்டையும் சேர்ந்த சூரணத்தைக் கூட்டினார். நான் தோசையை ஒன்றாகக் குறைத்தேன். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையில் மாசி மாதம் அவர் மடைப்பள்ளியில் அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துவிட்டார். மிதித்ததே தெரியவில்லை, கால் அவ்வளவு மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உள்ளங்கால் வெந்திருப்பதைப் பார்த்தாராம். பங்குனி போய், சித்திரை போய், வைகாசி பிறந்தும் புண் ஆறவில்லை. நீர் கசிந்துகொண்டே இருந்தது. காயத்தில் நீர் கசிந்தால் மடைப்பள்ளிப் படி தாண்டக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரே நின்றுகொண்டார். தம்பி போய்ச் சமைத்தார்.

அதில் அவருக்கு என்ன துக்கம் என்றால், ஆடிக் கிருத்திகை. அன்றாடச் சமையல் மடைப்பள்ளியில் முறை உள்ள நாலு வீட்டாருக்கும் பொது. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் மூத்தவர்தான் அடுப்பு மூட்டி முதல் உலை வைக்க வேண்டும். ஊரெல்லாம் பூக்காவடி எடுத்து மலையேறுகிற நாள். அந்த வருஷம் சாமியின் வீட்டு முறை.

டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தபோது, சாமி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நாலு வருசத்துக்கு ஒரு தபா வர்றதும்மா. போன தபா அப்பா போய்ட்டாரு, தீட்டு. இந்தத் தபாவும் போச்சுன்னா நான் இன்னாத்துக்குப் பொறந்தேன்?"

டாக்டர் ஆறிடும் என்றார். நானும் ஆறிடும் சாமி என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் எப்போது வந்தாலும் கையில் ஒரு பொட்டலம் இருக்கும். மந்தார இலையில் கட்டிய பொங்கலோ புளியோதரையோ. மடைப்பள்ளிக்குப் போகாவிட்டாலும் வீட்டுப் பங்கு தம்பி கையில் தினமும் வந்துவிடும். அதில் பாதியை எங்களுக்குக் கொண்டுவருவார். நெய்யில் இலை ஊறி, பிரித்தால் பச்சை வாசனையும் நெய் வாசனையும் சேர்ந்து வரும். பதினொரு மணிக்கு இடது அறையும் வலது அறையும் என் மேஜையில் வந்து கூடுவது அந்த ஒன்றுக்காகத்தான். மற்ற நேரத்தில் இரண்டு டாக்டர்களும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அவர் கண்ணுக்கு இவர் தருவது வெறும் பொடி. இவர் கண்ணுக்கு அவர் தருவது வெறும் சூடு. பொங்கலில் மட்டும் இருவர் கையும் ஒரே இலையில் இருக்கும்.

வைகாசியில் பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது. பத்து நாள் தீட்டு. சாமி வீட்டார் யாரும் கோயிலுக்குப் போகவில்லை, பிரசாதமும் வீட்டுக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. புண் விளிம்பு காய்ந்து, உள்ளே ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது. என் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சூரணம் வேலை செய்ய நாற்பத்தெட்டு நாள் ஆகும், இன்றோடு நாற்பத்தெட்டு என்று டாக்டரம்மா சொன்னார். நான் தோசையை நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தீட்டுக் கழிந்து முதல் பொட்டலம் வந்திருந்தது. பத்து நாள் பஞ்சம் அல்லவா, நான் பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இந்தப் பத்து நாளில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் மாற்றவில்லை, வீட்டில் யாரும் கோயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் என்றார். நோட்டைப் புரட்டினேன். கஞ்சி, ஒரு கரண்டி சோறு, தோசை. முன்னாடி என்னவோ அதேதான். வாயில் பொங்கல் இருந்தது, எதிரே இலையில் பொங்கல் இருந்தது. நோட்டில் ஒரு பக்கத்திலும் பொங்கல் இல்லை.

"சாமி, இத நீங்க எழுதவே இல்லியே?"

"எத?"

"இத. பொங்கல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "அது சாப்பாடு இல்லம்மா. பிரசாதம்."

அவர் பொய் எழுதவில்லை, தெரிகிறதா? படித்த நாங்கள் மூன்று பேரும் மாதக்கணக்கில் அவர் பங்கைத் தின்றுகொண்டே அவர் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் அது சாப்பாடாகத் தோன்றவில்லை. வந்த பிரசாதத்தை மறுக்கக் கூடாது, இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் அவர் வீட்டில் தினமும் நாலு கரண்டிக்குக் குறையாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். டாக்டரம்மாவைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சோறு எவ்வளவு, களி எவ்வளவு என்று காட்டுவதற்கு என் மேஜையில் ஒரு சின்னத் தராசு இருந்தது. கண்டுபிடித்துவிட்ட வேகத்தில், மிச்சப் பொங்கலை இலையோடு தூக்கி அதில் வைத்துவிட்டேன். முள் ஓடி நின்றது. இதில் அரிசி இவ்வளவு, வெல்லம் இவ்வளவு, நெய் இவ்வளவு என்று விரல் விட்டுச் சொன்னேன். டாக்டர் பலே என்றார். அந்த இலையைத் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிரிக்கிறவர் சாமி. தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றி எழுந்து போனார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கன்னம் சுடுகிறது.

ஆனால் சொன்னதைக் கேட்டார். வீட்டில் பங்கு வந்தால் நாக்கில் ஒரு பருக்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தெருவில் பகிர்ந்துவிட்டாராம். மாத்திரையும் நிறுத்தவில்லை, சூரணமும் நிறுத்தவில்லை, இரண்டும் அப்புறம்தான் ஒழுங்காக வேலை செய்தன. ஆனி கடைசியில் புண் மூடியது. ஆடி பிறந்ததும் கட்டை அவிழ்த்து டாக்டர் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு நீர் இல்லை. சாமி குனிந்து தன் காலைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கிருத்திகையன்று நான் நைனாவோடு மலையேறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படியிலும் காவடிக் கூட்டம், அரோகரா சத்தத்தில் காது அடைத்தது. மடைப்பள்ளிப் பக்கம் போக முடியுமா? தூரத்தில் நின்று புகையைப் பார்த்தோம். நெய் வாசனை வந்தபோது, எங்க சாமிதான் சமைக்கிறார் என்று நைனாவிடம் சொன்னேன். நைனா அதைப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு நாள் கழித்துச் சாமி வைத்தியசாலைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சர்க்கரை நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது. பதினொரு மணி ஆனதும் இரண்டு டாக்டர்களும் வழக்கம் போல என் மேஜைக்கு வந்தார்கள். சாமி மஞ்சள் பையிலிருந்து நாலு கொய்யாக்காயை எடுத்து வைத்தார்.

"இதுல அவ்ளவா சுகர் ஏறாதுன்னு நீதானம்மா சொன்ன. உங்களுக்கும் ஒடம்பு முக்கியம் இல்ல?"

டாக்டர் மெச்சிக்கொண்டே கடித்தார். பேஷண்ட் என்றால் இவரல்லவா பேஷண்ட் என்றார். நான் ஆசை தாங்காமல், கிருத்திகைப் பொங்கல் எப்படி வந்தது சாமி என்று கேட்டேன். நன்றாக வந்ததாக எல்லோரும் சொன்னார்கள் என்றார். கொஞ்ச நேரம் கொய்யாக்காயை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"முன்னெல்லாம் இலைய வாங்கினா சாமிதாம்மா தெரியும். இப்ப தராசுதான் தெரியுது."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் கடித்த கொய்யாக்காயை மேஜையில் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். சாமி மாதம் தவறாமல் வந்தார். கொய்யாக்காய் வந்தது, நெல்லிக்காய் வந்தது, ஒரு முறை வேகவைத்த வேர்க்கடலை வந்தது. மந்தார இலைப் பொட்டலம் மட்டும் வரவில்லை. டாக்டர்கள் இருவரும் பதினொரு மணிக்கு என் மேஜைக்கு வருவதும் மெல்ல நின்றுபோனது. கொய்யாக்காயை அவரவர் அறையிலேயே தின்னலாம் அல்லவா. பிறகு நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். வைத்தியசாலையை மூடிவிட்டதாகவும், அந்தக் கூடத்தை இடித்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். சாமி தன் வீட்டுக்கு அடுத்த முறை வந்த ஆடிக் கிருத்திகையையும் பார்த்துவிட்டு, இரண்டு காலும் நலமாக இருக்கும்போதுதான் காலமானார். அதைச் சொன்ன அவர் தம்பி, உங்க புண்ணியம் என்று என்னைக் கும்பிட்டார்.

புண்ணியமாம். எனக்குக் கை கூசியது. காலைக் காப்பாற்றியது சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறுபடி அந்த நிலைமை வந்தாலும் பொங்கலையும் எழுதுங்கள் சாமி என்றுதான் சொல்லுவேன். அதைத் தராசில் வைத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது, சாமி, எனக்கு ஒரு வாய் பிரசாதம் கொண்டுவாங்க என்று கேட்டிருந்தால் மறுநாளே இலையோடு வந்து நின்றிருப்பார். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே இருந்துவிட்டேன்.