பானெட்டுக்குள் பொரி

எங்கள் பக்கத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார்கள். ‘வண்டி கோச்சிக்கிச்சி’ என்பார்கள். என்னுடைய சின்ன கார் ஒரு வியாழக்கிழமை காலையில் கோபித்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு பாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் என் மனைவியை அழைத்துவர வேண்டும்.

அவள் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு என்று போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. மகளுக்கும் வேலை, மருமகனுக்கும் வேலை, குழந்தையை யார் பார்ப்பது? அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது, பேசுகிறது, போனில் என் முகத்தைப் பார்த்ததும் “தாத்தா, மாடு காட்டு” என்கிறது. காட்டுவேன். மாட்டைப் பார்த்ததும் அதற்கு என்னிடம் வேறு வேலை இல்லை, ஓடிவிடும். நானும் இரண்டு மாடுகளும் உறுவையாறு கிராமத்தில் கிடக்கிறோம்.

“எப்போது திரும்பி வருவாய்?” என்று அவளைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. போனில் கேட்க முடியாது. அங்கே போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள், மகள் பக்கத்திலேயே நிற்பாள். வீட்டிலும் முடியாது. அவள் வந்து இறங்கினால் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிடும். சாயங்காலம் பாகூரில் அவள் அண்ணன் மகளுக்குப் பெண் அழைப்பு, மறுநாள் கல்யாணம், அன்றைக்கே திரும்ப ஓசூர் பஸ். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள அரை மணி நேரம்தான் எங்கள் இருவருக்கும் என்று இருந்தது.

அதற்கும் அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “காரு எடுத்துகினு வாங்க. ரெண்டு பைய வச்சிகினு உங்க மொபட்டுல மூட்டையாட்டம் என்னால குந்த முடியாது. ஆவலன்னா இப்பவே சொல்லிடுங்க, அண்ணன் வண்டி அனுப்புது, நேரா பாகூருக்கே போயிடறேன்.”

“ஆவும், ஆவும்” என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருகினேன். கர் கர்ரென்று சுற்றியது. ஒருமுறை பிடித்து, குளிர்காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி உதறி, நின்றது.

பானெட்டைத் தூக்கினால் குப்பென்று எலி மூத்திர நாற்றம். எஞ்சின் தலைமேல் வைக்கோல், பானெட்டின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டை, பிய்ந்த பாலிதீன் எல்லாம் சேர்த்து வட்டமாக ஒரு கூடு. எலி இல்லை. எதிர்வீட்டு டிராக்டர்காரன் சத்தம் கேட்டு வந்து எட்டிப்பார்த்தான்.

“இன்னா மாமா, குடித்தனமே நடந்திருக்குது! மெத்தைல்லாம் போட்டு ஜம்முனு இருந்திருக்குதுங்க. வாடவ வாங்கினியா?”

“போடா. நானே வயிறெரிஞ்சி நிக்கிறேன்.”

அவன் விரலை விட்டுக் கூட்டைக் கிளறினான். வெள்ளையாக நாலைந்து உதிர்ந்தன. “இங்க பாரு, பொரி! கடல தோலு! பந்தியே வச்சிருக்கிற. யாரு மாமா பரிமாறனது?”

பரிமாறியது நான்தான். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்து, பூ சாற்றி, பானெட்டின் மேல் இலை போட்டுப் பொரியும் கடலையும் வெல்லமும் படைப்பது எங்கள் வீட்டில் அவள் வேலை. படைத்த கையோடு தெருப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். போன வருடம்கூட அதற்கென்று வந்துபோனாள். இந்த வருடம் நான் படைத்தேன். எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் பெரிய பையாக வாங்கிவிட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட வெட்கமாக இருந்தது, ஆம்பளை ஒருத்தன் வாசலில் நின்று பொரி வாங்க வாங்க என்று கூவுவதா? மேலே கிடந்ததை மறுநாள் கையால் தள்ளிவிட்டேன். கண்ணாடிக்குக் கீழே சல்லடை மாதிரி இருக்கிற சந்தில் பாதி இறங்கிவிட்டது போலிருக்கிறது. பிறகு மழை. வயலில் தண்ணீர் ஏறி, வரப்பு வளையில் இருந்தவையெல்லாம் வீடுகளைத் தேடி வந்துவிட்டன. ஒற்றை ஆளுக்குக் கார் எதற்கு என்று நானும் மொபட்டிலேயே போய்வந்துகொண்டிருந்தேன்.

வில்லியனூர் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். சிரித்தான். “பொரியா அண்ணே? பூஜ முடிஞ்சி மழ ஆரம்பிச்சா எனக்கு இதான் சீசனு. இப்ப கூட ஒரு வேன் எஞ்சினுக்குள்ளதான் தலைய வுட்டுகினு பேசறேன். திங்கக்கெழம வரேன்.”

“திங்கக்கெழம நீ வந்து இன்னாத்துக்குப்பா? சனிக்கெழமயே வேணும்.”

“அப்பன்னா நீயே போட்டுக்க. மொதல்ல பேட்டரி மைனஸ கழட்டு. கலர பாத்து கலரோட சேரு. அவசரப்படாத.”

திருபுவனையில் கம்பெனி வேலை பார்த்த காலத்தில் ஃபிட்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான் என் படிப்பு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கூட்டை அள்ளி, பிரஷ்ஷால் துடைத்தேன். மூன்று பிளக்குக்குப் போகிற வயர்களில் இரண்டு துண்டாகவே போயிருந்தன. இன்னும் மூன்று நான்கில் மேல்தோல் உரிந்து செம்பு பல்லிளித்தது. கடித்த இடத்தை வெட்டி, நல்ல வயரில் ஒட்டுத்துண்டு கொடுத்து, முறுக்கி, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் ஏற்றித் தீக்குச்சியைக் காட்டினால் அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கறந்து முடித்த மாட்டிடம் “அந்த டேப்ப எடு” என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அது அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருக, ஒருவர் எஞ்சினைப் பார்க்க. டிராக்டர்காரன் சேற்றுழவுக்குப் போய்விட்டான். நானே சாவியைத் திருகிவிட்டு முன்னால் ஓடுவேன். வந்து பார்ப்பதற்குள் அது நின்றிருக்கும். மறுபடி உள்ளே ஓடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இந்த ஓட்டம்தான். அதற்குமேல் அது டப்பென்று வெடித்து மிரட்டியது. எலி மூத்திரத்தில் ஊறி இரண்டு வயரும் ஒரே பழுப்பாகியிருந்தன, நான் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிச் சேர்த்திருக்கிறேன். பெட்ரோல் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்தபிறகு ஒன்றில் பச்சைக் கோடு தெரிந்தது. பிரித்தேன், சேர்த்தேன். சனிக்கிழமை காலையில் சாவியைத் திருகியதும் பிடித்துக்கொண்டு ஓடியது. ஓடுகிறது என்று சொல்ல யாருமில்லை. ஹாரனை ஒருமுறை அடித்துவைத்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கொஞ்சம் நிறம் வந்திருந்தாள், கால் வீங்கியிருந்தது. பைகளை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியதும் மூக்கைச் சுளித்தாள்.

“இன்னாங்க இது, உள்ள இன்னா செத்துக் கெடக்குது?”

“ஒண்ணும் சாவல. எலி பூந்துடுச்சி. பொரி படைச்சன் இல்ல…”

“எலிக்குப் படைச்சீங்களா! நல்ல ஆளு. ஒரு நாளு பூஜைய வுட்டுட்டுப் போனா இந்தக் கதி.”

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் போனை எடுத்துக் குழந்தை சாப்பிட்டுவிட்டதா என்று கேட்டாள். அரும்பார்த்தபுரம் தாண்டும் வரை அந்தப் பேச்சு. நான் வேண்டுமென்றே ரயில்வே கேட் உள்ள சுற்றுவழியில் திருப்பினேன். ஊரே திட்டுகிற கேட் அது. பூட்டிக்கிடந்தால் கொஞ்ச நேரம் கிடைக்குமே என்று பார்த்தேன். அன்றைக்கென்று அகலத் திறந்துகிடந்தது.

வயல் தெரிய ஆரம்பித்ததும் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தினேன்.

“இன்னா, மறுபடி நின்னுடுச்சா?”

“நான்தான் நிறுத்தனேன். எப்ப வருவே நீ? அதக் கேக்கத்தான்.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நாற்று நட்ட வயலில் தண்ணீர் ததும்ப நின்றது. கொக்குகள் தவிர ஆள் இல்லை.

“நம்ம பொண்ணுக்கு இன்னொண்ணு தரிச்சிருக்குதுங்க,” என்றாள். “நேரா பாத்துச் சொல்லணும்னுதான் போன்ல சொல்லல.”

“நல்ல சேதிதானே.”

“நல்ல சேதிதான்.”

“மாட்ட வித்துட்டு நீங்களும் வந்துடுங்கன்னு சொன்னா கேப்பீங்களா?” என்று அவளே தொடர்ந்தாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையை எடுத்துத் திருப்பி, ஈயம் சுட்ட இடத்தைப் பார்த்தாள். “தேங்கா எண்ண தடவலியா?” என்றாள்.

போன் அடித்தது, அவள் அண்ணன். எங்களைப் பாகூருக்கு அழைத்துப்போக எல்லோரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து காத்திருக்கிறார்களாம்.

“எடுங்க, போலாம்,” என்றாள்.

சாவியைத் திருகினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. “பரவால்லியே, நல்லாத்தான் போட்டிருக்கீங்க,” என்றாள். அன்றைக்கு மட்டும் அது கொஞ்சம் கோபித்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.