பொம்மையின் உயரம்

அவரை எல்லோரும் ‘அரைநூல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறை அலமாரியும் மேடையும் செய்கிற தச்சர். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இடைவெளி தெரிந்தாலும் கழற்றி இழைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அதில் வந்த பட்டம். கேலியாக வைத்ததை அவர் விருதாக வாங்கிக்கொண்டார்.

வேலைக்குப் போகிற வீட்டில் அவர் முதலில் கேட்பது மரத்தைப் பற்றி அல்ல. “யார் சமைக்கிறது? அவங்களைக் கூப்பிடுங்க” என்பார். வந்தவரைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு விரல் கீழே பென்சிலால் கோடு போடுவார். மேடை அங்கேதான் வரும். சமைக்கிற ஆளை அளக்காமல் ஆணி அடிக்கிறவன் தச்சனே இல்லை என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் கூடவே வரும். சந்தேகப்படுகிறவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து தான் செய்த சமையலறையைக் காட்டுவார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் மடிக்கணினியில் கட்டை அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டைத் திறந்து வைத்திருந்தாள். சம்பாதிக்கிற பிள்ளைக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லையே என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“நம்ம வீட்டைத்தான் இதுல கட்டிட்டு இருக்கேன்பா. ஒரு கட்டை ஒரு மீட்டர்னு கணக்கு. ஆனா இதுல நடமாடுற இந்தப் பொம்மை எவ்வளவு உயரம்னு தெரிஞ்சாத்தானே மத்த அளவு சரியா வரும்?”

அளவு என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியுமா? பையிலிருந்து டேப்பை எடுத்துத் திரையிலேயே வைத்தார்.

“கிட்ட வந்தா பெரிசாயிடும், தள்ளிப் போனா சின்னதாயிடும்பா” என்று மகள் சிரித்தாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரெண்டு கட்டை உயரத்துல ஒரு வழி கட்டு. அதுக்குள்ள விடு.” பொம்மை தாராளமாகப் போனது. ஒன்றரைக் கட்டை உயரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. “இதைவிட மெலிசா என்ன இருக்கு?” மகள் ஒரு கதவுப்பலகையைக் காட்டினாள். கட்டையைப் பதினாறாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு கனம். இரண்டு கட்டை வழியின் கூரையில் அதைப் பதித்தார்கள். அப்போதும் போனது. தரையில் ஒரு பங்கு, அதாவது ஒரு வீசம், கனமுள்ள விரிப்பைப் போட்டதும் நின்றுவிட்டது. குனிந்தால்தான் போனது.

“அப்ப ஒண்ணே முக்காலுக்கு மேல. ஆனா முக்காலுக்கு மேல ஒரு வீசம்கூட முழுசா இல்ல” என்றார். “கிட்டத்தட்ட என் உயரம்டி இது!”

அவருக்கு ஒரே பெருமை. நாற்காலியை இன்னும் முன்னால் தள்ளி, கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வாசல், கூடம், சமையலறை. மேடைக்கு முன்னால் தரையில் ஒரு அரைக்கட்டை கிடந்தது.

“இது எதுக்கு நடுவழியில? எடுத்துடு. அளவே கெட்டுப்போகுது.”

“அது அம்மா நிக்கிற பலகைப்பா. அது இல்லாம நம்ம சமையலறையா?”

குத்திக்காட்டவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர் திரும்பி நிஜச் சமையலறையைப் பார்த்தார். மனைவி பலகை மேல் நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அந்தப் பலகையை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ முறை கால் தடுக்கி, ஓரமாக எத்தித் தள்ளியிருக்கிறார். அது எதற்காக அங்கே கிடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்த மகள் பிறந்து, மனைவி மருத்துவமனையில் இருந்த வாரத்தில் செய்த மேடை அது. திரும்பி வரும்போது அசந்துபோகட்டும் என்று ராப்பகலாகச் செய்தார். அளக்க ஆள் இல்லை. தன் முழங்கையை மடக்கிக் கோடு போட்டுக்கொண்டார். மேல்தட்டும் அவர் கைக்கு எட்டிய உயரம்தான். போன வருஷம் மேல்தட்டை எட்ட முக்காலி போட்டு ஏறி அவள் விழுந்தாள். மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “அவளுக்கு எதுலயும் நிதானம் கிடையாது” என்று அவரே சொன்னார். அந்த வார்த்தை இப்போது நினைவுக்கு வந்ததும் உடம்பே கூசியது. ஒரு பொம்மையின் உயரத்தை வீசக் கணக்கில் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, மனைவியின் உயரம் தெரியாது.

எழுந்து சமையலறைக்குப் போனார். அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

“மேடை உயரம்னு ஏன் இத்தனை நாளா சொல்லல?”

அவள் அடுப்பைக் குறைத்தாள். “ஆசையா செஞ்சு வச்சிருந்தீங்க. வர்றவங்ககிட்டயெல்லாம் என் அளவுக்குச் செஞ்சதுன்னு வேற சொன்னீங்க. நடுவுல நான் என்னத்தச் சொல்ல?”

“வந்தவங்க பலகையப் பாத்திருப்பாங்களே.”

“எப்படிப் பாப்பாங்க? நீங்க ஆளோட வர்ற சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன்.”

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் பிரசங்கத்தை அத்தனை பேர் நம்பியது இவள் ஒளித்த பலகையால்தான்.

“அடுப்ப அணைச்சுட்டு இங்க வா. சுவரோரமா நில்லு” என்றார்.

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “எப்படி நிக்கணும்?”

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பெண்கள் கேட்ட கேள்வி. இவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“நேரா நின்னு முழங்கையை மடக்கு. அவ்வளவுதான்.”

அவள் பழக்கதோஷத்தில் காலாலேயே பலகையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, கையை மடக்கினாள்.

“பலகை வேண்டாம். கீழ நில்லு.”

“கீழ நின்னா எனக்கு எட்டாதேங்க” என்றாள்.

அவள் இறங்கியதும் பலகையை அப்புறப்படுத்திவிட்டு, பென்சிலோடு குனிந்தார். கோடு போடவேண்டிய இடம் அவர் நினைத்ததைவிட வெகு கீழே இருந்தது. போட்டு முடித்த பிறகும் அவர் நிமிரவில்லை.