துண்டு போட்ட வான்கோழி

பாரிசில் ஓர் அமெரிக்க அம்மையார் வீட்டில் சமையல் உதவிக்கு நின்றேன். அவர்களுடைய நன்றித் திருநாளுக்கு முழு வான்கோழியை வாட்டி விருந்தாளிகள் முன் வைப்பார்கள். அதை வாங்கிவர என்னை அனுப்பினார். லா சப்பல் பகுதியில் எங்கள் ஈழத்து ஆட்களின் இறைச்சிக் கடைக்குப் போனேன்.

"கறிக்குத்தானே அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"ஓம், வெட்டுங்கோ." வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"இதுக்குக் கத்தி காணாது, கோடாலிதான் வேணும்!" கடைக்காரர் சிரித்துக்கொண்டே துண்டு போட்டார்.

அம்மையார் பையைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. வேறு வான்கோழி தேட நேரமில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து, பிழை விட்ட இடத்தில் நான் நின்றதே இல்லை. கிளம்பிவிட என் குளிர்ச்சட்டையை எடுத்தேன்.

"எங்கே போகிறாய்? வெங்காயத்தை யார் வெட்டுவது?" என்று பிரெஞ்சில் அதட்டினார்.

அம்மையார் சோள ரொட்டியை உதிர்த்து, நான் வெட்டிக் கொடுத்த வெங்காயமும் செலரிக் கீரைத் தண்டும் கலந்து தட்டில் பரப்பினார். அதன்மேல் இறைச்சித் துண்டுகளை அடுக்கி வாட்டினார். இறைச்சியின் சாறு இறங்கி ரொட்டி நன்றாக ஊறியிருந்தது.

"முழுப் பறவை எங்கே?" என்று விருந்தாளி ஒருவர் கேட்டார்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றார் அம்மையார், என் பக்கம் பார்க்காமலே.

எத்தனையோ ஊர்களில் ஒரு பிழையோடு வேலையை விட்டு ஓடியிருக்கிறேன். அங்கெல்லாம் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாமோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.