ஏலம் போட்டவளுக்கு ஓ.டி. கிடையாது

1. ஆபீஸ் ஜன்னல்

ஸ்டெல்லாவுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று ஆபீஸ் ஜன்னலில் சொல்லி அனுப்பிய அன்று, நான் லேபில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாமாண்டு. வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, ஆனால் முகம் கறுத்திருந்தது.

"இன்னா மேடம் இது? அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜாம். பரீட்சை எழுத முடியாதாம். ஒரு வாரம் ஏலத்துக்காக அலைஞ்சிகினு இருந்தேனே, அதெல்லாம் ஆப்சென்ட்டுன்னு போட்டுக்கீறாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே ரத்தம் கொதித்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன லுத்தரன் கல்லூரியில் கெமிஸ்ட்ரி துறையில் சேர்ந்து, அதற்கே தலைவராகி, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். பிரிவு உபசார விழாவில் ஒவ்வொருவராக எழுந்து "மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார்கள். கோபக்காரி என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. நான் கோபக்காரிதான். என்ன கோபம் என்று இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிற இளம் ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா கோவளத்துப் பெண். அவளுடைய அம்மா கரையில் மீன் ஏலம் போடுகிறவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. படகு வந்ததும் மகள்தான் ஏலம் கூவுவாள். கூவி முடித்து, குளித்து, பஸ் பிடித்து, கேளம்பாக்கம் வண்டலூர் எல்லாம் சுற்றிக்கொண்டு கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் சாப்பல் ஆராதனை முடிந்திருக்கும். முதல் பீரியட் அட்டென்டன்ஸைச் சாப்பலிலேயே எடுத்துவிடுவது எங்கள் கல்லூரி வழக்கம். ஆகவே வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பீரியட் அவளுக்குப் போனது போனதுதான்.

இது அவளுக்கும் தெரியும். எந்தப் பீரியடையும் வீணாக்காமல் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே சமாளித்துக்கொண்டு வந்தாள். அவளைக் கீழே தள்ளியது அந்த ஏல வாரம்தான்.

2. பூசணிக்காயும் பினாயிலும்

அறுப்பின் பண்டிகை என்று எங்கள் சபைகளில் ஒன்று உண்டு. அவரவர் வீட்டில் விளைந்தது, செய்தது, வளர்த்தது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம் விடுவார்கள். கல்லூரியிலும் அதே மாதிரி நடக்கும். துறைக்குத் துறை போட்டி வேறு. பாட்டனி துறை பூசணிக்காய் கொண்டுவரும். காமர்ஸ் துறை கடையில் வாங்கிய கேக்கைக் கொண்டுவந்து வீட்டில் செய்தது என்று சாதிக்கும். நாங்கள் லேபில் தயாரித்த பினாயில்.

அதுவரை ஏலம் விட்டவர் எகனாமிக்ஸ் பேராசிரியர் ஒருவர். நல்ல மனிதர். ஒரு தேங்காயை ஏலம் விட்டு முடிப்பதற்குள் கூட்டத்தில் பாதி கேன்டீனுக்குப் போய்விடும்.

அந்த வருடம் பிரின்சிபால் எங்கள் துறைக்கே வந்தார். கோவளத்தில் ஏலம் போடும் பெண் இங்கே படிக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்டெல்லாவைக் கூப்பிடச் சொல்லி, என் எதிரிலேயே அவளிடம் பேசினார்.

"நீதாம்மா இந்தத் தடவை ஏலம் விடணும். முன்னாடி ஒரு வாரம் டீமோட போய்ப் பொருளும் கலெக்ட் பண்ணணும். நம்ம காலேஜ் பேர் நிக்கணும் பாரு."

"கிளாஸ் போயிடும் சார்."

"அதப் பத்தி நீ ஏம்மா கவலைப்படற? அத நான் பாத்துக்கறேன்."

அவள் போனாள். மேடவாக்கம் அடுக்குமாடிகளில் இருக்கும் பழைய மாணவர்கள் வீடு, கீழ்க்கட்டளைக் கடைகள், தாம்பரம் மார்க்கெட் என்று வாரம் முழுக்க வெயிலில் ஏறி இறங்கினாள். ஏலத்தன்று மைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டாள்.

"இன்னாப்பா, எல்லாம் கையக் கட்டிக்கினு நிக்கிறீங்க? பிரின்சிபால் சார், பூசணிக்கா உங்களையே பாத்துகினு கீது சார். வூட்டுக்கு இட்டுகினு போங்க."

பிரின்சிபால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூசணிக்காயை அவரே எடுத்தார். எங்கள் பினாயிலின் விலையை இரண்டு பேராசிரியர்கள் மல்லுக்கட்டி ஏற்றிவிட்டதைப் பார்த்து நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஒருவர்கூட கேன்டீன் பக்கம் போகவில்லை. கடைசியில் பிரின்சிபால் அவளுக்குச் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, கல்லூரியின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார்.

சால்வை போட்ட அதே கைதான் பிறகு ஷார்ட்டேஜ் லிஸ்டிலும் கையெழுத்துப் போட்டது.

3. அந்த ஆப்ஷன் கிடையாது

ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. கல்லூரி வேலையாக வெளியே போன மாணவர் வகுப்பில் இருந்ததாகவே கணக்கு. ஸ்டெல்லாவின் ஓ.டி. எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சூப்பிரண்டென்ட் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம். கொயர் இருக்கு, ஸ்போர்ட்ஸ் இருக்கு, என்.சி.சி., என்.எஸ்.எஸ். இருக்கு. ஏலம்னு ஆப்ஷனே இல்ல. நான் எதுல போய் என்ட்ரி போடறது?"

"பிரின்சிபால் சொல்லித்தானே போனா?"

"வாயால சொன்னா சிஸ்டம் எடுக்காது மேடம்."

நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் மேஜையில் ஏலத்தில் எடுத்த கேக் டப்பா இருந்தது, இப்போது அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க சார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"சொன்னேன் மேடம். இவ்வளவு டைட்டா இருக்கும்னு தெரியாது. அந்தப் பொண்ணு காலையில சாப்பலுக்கும் ஒழுங்கா வர்றதில்ல பாருங்க."

"சாப்பலுக்கு வராம சமாளிச்சுட்டுதான் இருந்தா. உங்க வேலைக்குப் போனதுலதான் குறைஞ்சுது."

"ரூல்னா ரூல் மேடம். ஒருத்தருக்காக வளைக்க முடியாது. அடுத்த வருஷம் எழுதட்டும். என்ன குடி முழுகிடப் போகுது?"

குடி முழுகாதுதான். அவருடைய குடி முழுகாது. ஒரு செமஸ்டர் முழுவதும் அரியர் விழுந்தால், படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமும் கரைக்கே வந்துவிடு என்று அவள் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அவள் அப்பா அதற்காகவே காத்திருந்தார். இதையும் சொன்னேன். "ஜெபம் பண்ணுவோம் மேடம்" என்றார். நான் ஒரு போதகரின் மகள். ஜெபத்தைக் கையைக் கழுவப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

4. ஜெபராஜ்

கொயரில், அதாவது பாடகர் குழுவில், இருக்கும் பிள்ளைகளின் ஓ.டி. படிவங்கள் செமஸ்டர் முடிவில் மொத்தமாகத் துறைத் தலைவர் கையெழுத்துக்கு வரும். ஷார்ட்டேஜ் லிஸ்ட் போன பிறகும் அவற்றைச் சேர்த்துக்கொள்வார்கள்; அந்த வருடமும் என் மேஜைக்கு வந்தன. மேலே இருந்தது மூன்றாமாண்டு ஜெபராஜுடையது. கொயருக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். ஸ்டெல்லா தெருத் தெருவாக அலைந்த அதே வாரம் இவன் விசிறிக்குக் கீழே ரிகர்சலில் இருந்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கை ஓடவில்லை. அவனைக் கூப்பிட்டேன்.

"உனக்குக் கையெழுத்துப் போடறேன்ப்பா. போடாம இருக்க மாட்டேன். ஆனா ஸ்டெல்லாவுக்கு இப்படிப் பண்ணியிருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்." படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதக் குடுங்க மேடம்."

"எதுக்கு?"

"அவங்களுக்கு இல்லாத ஓ.டி. எனக்கு மட்டும் எதுக்கு மேடம்? நானும் ஷார்ட்டேஜாவே இருக்கேன்."

"உனக்குக் கடைசி வருஷம்டா. விளையாடாத."

"விளையாடல மேடம்."

படிவத்தை வாங்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்கே போய்விட்டான். பின்னாலேயே கொயரில் பாதிப் பேர் தங்களுக்கும் ஓ.டி. வேண்டாம் என்று போனார்கள். ஷார்ட்டேஜ் பசங்களை வைத்து எப்படிக் கிறிஸ்துமஸ் கேரல் நடத்தப்போகிறீர்கள் சார் என்று கேட்டிருக்கிறார்கள். பிஷப் வரும் நிகழ்ச்சி அது. கீபோர்டு வாசிக்க வேறு ஆள் கிடையாது.

அன்று மாலையே ஸ்டெல்லாவுக்கு ஹால் டிக்கெட் வந்தது. சிஸ்டம் எடுத்துக்கொண்டது. என்.எஸ்.எஸ். என்று போட்டார்களாம். முதல் நாளே போட்டிருக்கலாம்.

5. கிருபை

கதை இதோடு முடிந்திருந்தால் என் கோபம் ஆறியிருக்கும். மறுநாள் சாப்பலில் பிரின்சிபால் பேசினார். லுத்தரன் சபையின் அஸ்திவாரமே கிருபைதான், தகுதி இல்லாதவருக்கும் கிடைப்பதுதான் கிருபை என்று ஆரம்பித்தார். "நேற்றுகூட ஒரு மாணவிக்குக் கிருபையின் பேரில் ஹால் டிக்கெட் கொடுத்தோம்" என்றார். பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஸ்டெல்லா பஸ்சைச் சீக்கிரம் பிடித்துச் சாப்பலுக்கு வந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அந்தச் சொல் சின்ன வயதிலிருந்து தெரியும். அப்பா பிரசங்க மேடையில் அதைச் சொல்லும்போது குரல் உடையும். சம்பாதித்ததைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுப்பதற்கு அந்தப் பெயரா? ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே அவரை நிறுத்தினேன்.

"அது கிருபை இல்ல சார். அவ உழைச்சது."

"எல்லாத்தையும் பெருசு பண்ணாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கல்லூரிக்காக ஒரு பிள்ளையை யார் வேலைக்கு அனுப்பினாலும், அவள் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் ஓ.டி. எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாத்துக்கறேன் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அவர் எவ்வளவு உருக்கமாக ஜெபம் செய்கிறவராக இருந்தாலும்.

அடுத்த வருடம் அறுப்பின் பண்டிகை வந்தது. ஸ்டெல்லா மூன்றாமாண்டு. நான் வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்டெல்லா, வாம்மா. டீம் வெயிட் பண்ணுது. இந்த வருஷமும் நீதான்."

அவள் எழுந்து நின்றாள். "எனக்கு கிளாஸ் இருக்கு சார்."

அவர் என்னைப் பார்த்தார். அனுப்பிவைப்பேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் ரெஜிஸ்டரைப் பார்த்து அடுத்த பெயரைப் படித்தேன்.

"ஸ்டெல்லா."

"பிரசென்ட் மேடம்" என்றாள், கோவளம் கரையில் ஏலம் கூவும் அதே குரலில். கேட்டில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தாராம்.