சொர்ணலதாவுக்குள் முளைத்த எலும்பு

ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த அடி சொர்ணலதாவுக்கு ஆறவே இல்லை. வலது தோள் வீங்கியது. வீக்கம் வற்றியபோது சதை இருந்த இடத்தில் கல் போல ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன்பின் அந்தக் கை மேலே எழும்பவில்லை.

அம்மா சந்தனம்மாள் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகுமுன் தினமும் எண்ணெய் காய்ச்சி அழுத்தி உருவிவிடுவாள். உருவிய இடமெல்லாம் வீங்கியது. வீங்கிய இடமெல்லாம் இறுகியது. பதினைந்து வயதில் முதுகு வளையாமல் போயிற்று. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள். சின்னப் பிள்ளைகள் பயந்து விலகுவார்கள். கட்டி என்று நினைத்து ஒரு டாக்டர் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். சில வாரங்களில் அந்தத் தழும்புக்கடியிலும் எலும்பு கிளம்பிவிட்டது.

இருபத்து நாலு வயதில்தான் மதுரையில் ஒரு பெண் டாக்டர் கத்தியை எடுக்காமல் செருப்பைக் கழற்றச் சொன்னார். பிறவியிலேயே கோணியிருந்த கால் கட்டைவிரல்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். முதுகெலும்பின் மேல் இன்னொரு எலும்பு தோள்வரை படர்ந்திருந்தது. தனக்குள் வேறொருத்தி நிற்பதுபோல் சொர்ணலதாவுக்குத் தோன்றியது.

டாக்டர் சந்தனம்மாளைப் பார்த்துச் சொன்னார்: “உடம்புல இருக்கிற செல்லு மேல செய்தி வாங்குற புரதம் ஒண்ணு இருக்கும்மா. ‘எலும்பாகு’ன்னு தகவல் வந்தாத்தான் அது வேலையத் தொடங்கணும். இவங்க உடம்புல அது பிறவியிலயே மாறியிருக்கு. அடிபட்டு வீங்கினா அங்க வர்ற வேற தகவலயும் ‘எலும்பாகு’ன்னே எடுத்துக்குது.”

“அப்ப நான் உருவிவிட்டது?” என்றாள் சந்தனம்மாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி உறைக்குள் போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் சொந்த ஊரான உத்தமபாளையம் வரும்வரை சந்தனம்மாள் இரு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். மகள் மேல் படவே விடவில்லை.

சொர்ணலதா கோர்ட்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் மனு டைப் செய்கிறாள். வலது முழங்கை எப்போதோ நீட்டியபடி பூட்டிக்கொண்டது. முப்பத்தொன்றாம் வயதில் இடது முழங்கையும் வீங்கியது. மதுரை டாக்டரிடம் போனில் கேட்டாள். மாத்திரை சொன்னவர், “மீறியும் பூட்டிக்கிச்சுன்னா கை எந்த நிலையில நிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க” என்றார். தாடையும் ஒருநாள் இப்படிப் பூட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

“நீட்டி வையி சொர்ணம். சேல கட்ட வேணாமா?” என்றாள் சந்தனம்மாள்.

“நீட்டுனா சோறு வாய்க்கு எட்டாதுத்தா.”

நீளக் காம்புக் கரண்டியை வாய்க்கும், விரலைக் கீபோர்டுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இரண்டும் எட்டுகிற ஒரே மடக்கில், கைக்கடியில் தலையணை கொடுத்து ஆறு வாரம் வைத்திருந்தாள். ஒரு காலையில் தலையணையை எடுத்தாள். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. யாரோ உள்ளிருந்து பிடித்திருப்பதுபோல். வலி கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் கடைக்குப் போய் ஒரு பட்டா மனு அடித்தாள். பிழையில்லை.

இப்போதெல்லாம் எழுந்ததும் முதல் வேலையாக வாயை அகலத் திறந்து பார்க்கிறாள். அது முழுதாகத் திறக்கும்வரை சந்தனம்மாள் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.