பின்னால் இருப்பவருக்காக ஒரு ஸ்கூட்டி

மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகு ‘எல்’ போர்ட் கட்டிக்கொண்டு நாரந்தனைச் சந்தியால் போனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

என் கணவர் கடற்தொழிலாளி. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் தடித்துப்போனது. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் கை திரும்பும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒருநாள் அவர் ஏறி முடிக்குமுன் பஸ்ஸை எடுத்துவிட, மிதிபலகையில் விழுந்துவிட்டார். சனம் முழுக்கப் பார்த்தது. “இனி நான் வரேல்லை” என்றார். ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடிக்க, சங்கக் கடையில் சாமான் நிறுக்கிற எனக்குக் கட்டுமா? கட்டிக்கொண்டு வந்த சீட்டுக் காசை எடுத்து வண்டி பார்க்கப் போனேன்.

பழைய வண்டிகள் விற்கிற கடைக்காரர் எஞ்சினைப் பற்றியும் பெற்றோல் எவ்வளவு குடிக்கும் என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்றைத்தான் கேட்டேன்.

“இவர் பின்னுக்கு ஏறிப் பார்க்கலாமோ?”

மோட்டார் சைக்கிள்கள் ஒன்றும் சரிவரவில்லை. அவரால் காலை வீசி ஏற ஏலாது. முதலில் இருக்கையில் குந்தி, பிறகு வலக்கையால் இடக்காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். அவர் ஏறி முடிந்த பிறகுதான் நான் ஏறலாம். அதற்கு முன்பக்கம் திறந்த ஸ்கூட்டிதான் தோது. கடைசியில் உயரமில்லாத, பதிந்த இருக்கையுள்ள ஒன்று கிடைத்தது. குனிந்து பார்த்தால் அடியெல்லாம் துரு. தீவுப்பக்கம் ஓடிய வண்டியை உப்புக்காற்று சும்மா விடுமா? ஆனாலும் அவர் ஆரையும் பிடிக்காமல் ஏறினது அதில் மட்டும்தான். அதையே எடுத்தேன்.

ஹெல்மெட் கடையில் கையுறை, மேலங்கி எல்லாம் எடுத்துக் காட்டினார்கள். வெயிலுக்கு அவருடைய பழைய முழுக்கைச் சட்டை போதும் என்று எனக்கானதை அதோடு முடித்துக்கொண்டேன். ஹெல்மெட்டில்தான் அவர் பிடிவாதமாக நின்றார்.

“முகம் தெரியாததெண்டால் வாறன். இல்லாட்டி நீர் தனியப் போம்.”

முகம் முழுக்க மூடுகிற, கறுப்புக் கண்ணாடி போட்ட நல்ல ஹெல்மெட் அவருக்கு. மிச்சக் காசுக்குக் கிடைத்த அரை ஹெல்மெட் எனக்கு. எனக்கு எரிச்சல்தான். மனுசி ஓட, பின்னால் குந்திக்கொண்டு தான் தொழில் செய்த தோணித்துறையைத் தாண்ட அவருக்கு வெட்கம். எனக்கு மட்டும் வெட்கம் இல்லையாக்கும்.

தோணித்துறையில் கிழிந்த வலை பொத்துகிறவர் என்னவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். வாத வருத்தம் வந்த புதிதில் பார்க்க வந்தபோது இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதன்பிறகு அந்த மனிதர் வருவதில்லை. முதல் நாள் எங்களைக் கண்டதும் எழும்பி வந்து கேட்டார்.

“அக்கா, பின்னுக்கு ஆர்?”

“கொழும்பில இருந்து வந்த சொந்தக்காரர்.”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். தொங்குகிற கையைப் பார்த்தாலே ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு போகும்போதும் வரும்போதும், “கொழும்புக்காரர் சுகமோ?” என்று வலையைப் பார்த்தபடியே கேட்பார். “ஓம், சுகம்” என்று நான் சொல்லுவேன். பின்னால் இருப்பவர் மூச்சும் விடமாட்டார்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. ஏற்று, நாடிக்குக் கீழே ஹெல்மெட் வாரைக் கட்டு, ஸ்டாண்டிலிருந்து தள்ளி இறக்கு, பண்ணைப் பாலத்தில் காற்றோடு மல்லுக்கட்டு, பின்னேரம் இறக்கு. இரவில் என் தோள்மூட்டுக் கழன்று விழுகிற மாதிரி நோகும்.

ஒருநாள் திரும்பி வரும்போது வேலணையில் ரயர் காற்றுப் போனது. அவரை இறக்கி ஒரு கடை வாசலில் இருத்தி, வண்டியை உருட்டிக்கொண்டுபோய் ஒட்டி வந்து, மறுபடி ஏற்றினேன். தோணித்துறைக்கு வந்தபோது அந்த மனிதர் பையோடு றோட்டுக்கு வந்து மறித்தார்.

“வலையில ஒரா மீன் பட்டது, அக்கா. கொழும்பு ஆளுக்குச் சொதி வையுங்கோ.”

எனக்குப் பொய் சொல்லச் சீவன் இல்லை.

“கொழும்பும் இல்லை, ஒண்டும் இல்லை. இது என்ர மனுசன். உமக்குத் தெரியாதே?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இனி இவர் எங்கே ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறார்? இவ்வளவு நாளும் பட்ட பாட்டை ஒரு வாயில் கெடுத்துவிட்டேன்.

“தெரியும், அக்கா” என்றார் அவர். பை கையிலேயே இருந்தது. 

அப்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தடித்த குரல் வந்தது.

“எந்தப் பக்கம் விட்டனீர்?”

அந்த மனிதருக்கு விளங்கவில்லை. கிட்ட வந்து கறுப்புக் கண்ணாடியில் காதை வைத்தார். என்னவர் திரும்பவும் கேட்டார். வலையை எந்தப் பக்கம் விட்டது, தண்ணி எப்படி, வள்ளத்தின் பழைய எஞ்சின் இன்னும் இடையில் நிற்கிறதா. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், “அண்ணை, அண்ணை” என்று.

இரண்டு காலையும் ஊன்றி, வண்டியையும் அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பு விட்டுப்போனது. கண்ணீர் வேறு வந்தது, துடைக்கக் கை இல்லை. “போவமோ?” என்று மட்டும் நான் கேட்கவில்லை.