லண்டனில் சடை வெட்டிய சீனத் தாத்தா

கடந்த மே மாதம், ஈப்போவில் என்னோடு படித்த சியூ லான் ஒரு வார விடுமுறையில் லண்டன் வந்தாள். ஊர் சுற்றத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தாள். அவள் அப்பாவின் தாத்தா, கப்பல் சமையல்காரர், லண்டன் துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸில் எடுத்துக்கொண்ட படம். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

வம்பே அந்த முடிதான். பேரரசர் ஆட்சியில் சீன ஆண்கள் சடை வளர்த்தே ஆக வேண்டும். படத்தின் பின்னால் சீனத்தில் பென்சிலால் 'முதலாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது. யாருடைய முதலாம் ஆண்டு என்று எழுதிய மூலை கிழிந்துவிட்டது. கடைசிப் பேரரசரின் முதலாம் ஆண்டு, அதாவது 1909 என்று உறவினர்கள் முடிவு கட்டினார்கள். அப்போது சடை இல்லையென்றால் சிறையில் வெட்டியிருக்க வேண்டும், ஆகவே மனிதர் திருடர்! சியூ லானின் அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. 'திருடன் பேரன்' என்ற ஏச்சோடே வளர்ந்தவர். அவருக்காகத்தான் இந்தப் பயணம்.

சனிக்கிழமை காலை 8.40க்கு ரெய்னர்ஸ் லேனில் ரயில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, 10 மணிக்கு வெஸ்ட்பெரியில் இறங்கினோம். ஐந்நூறு மீட்டர் நடந்தால், பழைய லைம்ஹவுஸ் சீனர் பகுதியில், பீக்கிங், கேன்டன் என்று தெருப் பெயர்கள் இருக்கின்றன. சீனர்களைத்தான் காணோம். மூலைக்கடை யாழ்ப்பாணத்து அண்ணையிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துச் சீனாக்காரர் ஒருத்தரும் இப்ப இஞ்ச இல்லைத் தங்கச்சி. சைனாடவுனுக்குப் போங்கோ, வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்" என்றார். தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல மனிதர்.

லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கி மூன்று நிமிட நடை. ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். இருவருக்கும் 7 பவுண்டு 60. கடைக்காரப் பெண் தைவான்காரர். படத்தைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்தார்.

"பத்தாம் மாதம் முப்பத்தொன்றாம் நாள்னு எழுதியிருக்கே. பேரரசர் காலத்து மாதத்துக்கு ஏது முப்பத்தொன்று?"

சந்திர மாதம் முப்பதைத் தாண்டாது. 1912இல் குடியரசு வந்ததும் ஆண்டை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி, மேல்நாட்டு மாதங்களுக்கு மாறிவிட்டார்கள். தைவானில் இன்றும் அதே ஆண்டுக்கணக்குதான் என்று தன் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். அந்த முதலாம் ஆண்டில் சடை வெட்டுவது திருவிழாவாக நடந்ததாம்.

சியூ லான் தலையில் அடித்துக்கொண்டாள். "மாசாமாசம் சந்திர நாள் பார்த்துப் பத்தி கொளுத்துறேன். எனக்குத் தோணலையே!"

உடனே ஈப்போவுக்கு அழைத்தாள். அங்கே மாலை ஏழு மணி. தேதியை அப்பா மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு கோப்பைத் தேநீருக்கு நான் இவ்வளவு பெரிய நன்றி சொன்னதேயில்லை.

உங்களிடமும் இப்படிப் படம் இருந்தால் அசலையே கொண்டுவாருங்கள். கைபேசிப் படத்தில் பென்சில் எழுத்து தெரியாது. கூட்டத்துக்கு முன்பே, பகல் பன்னிரண்டுக்குள் சைனாடவுன் போய்விடுங்கள். ஆண்டோடு நிறுத்தாமல் நாளையும் வாசியுங்கள்.

சியூ லானின் அப்பா தொலைபேசியை வைக்குமுன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "படத்தைப் பத்திரமா கொண்டு வா. கூடத்துல, வர்றவன் எல்லாம் பார்க்கிற இடத்துல மாட்டணும்."